கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய படம்

கோரியிலிருந்து சித்லேவிக்கு வரும் பேருந்து, கல்பாலத்தைத் தாண்டியதும் ஒரு வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பும். அந்த வளைவில்தான் எலிஸ்பார் நோஸாட்ஸே தன் தம்பியைப் பார்த்தார். செத்துப் பதினாறு வருடமான தம்பியை.

மல்காஸ் பன்னிரண்டடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, இடுப்பில் ஆப்பிள் கூடையை அணைத்து, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் உக்ரைனில் இடிந்து கிடக்கும் ஏதோ ஒரு நகரம் புகைந்தது. காலடியில் கொட்டை எழுத்து: 'மல்காஸைக் கொன்ற போர் மறுபடியும் வேண்டுமா? சமாதானத்துக்கு ஓட்டுப் போடுங்கள்.' பக்கத்தில் ஆளும் கட்சியின் ஓட்டுச்சீட்டு எண், வட்டத்துக்குள்.

"வண்டிய நிறுத்து" என்றார் எலிஸ்பார்.

"இங்க நிக்காதுங்க ஐயா."

"நிறுத்துன்னு சொன்னேன்."

எழுபத்து நாலு வயதுக்காரர் சாலையோரம் இறங்கி, தொப்பியைக் கழற்றாமல் அந்த விளம்பரத் தட்டியை அண்ணாந்து பார்த்தார். படத்தின் இடது மூலை கருகியிருந்தது. வீட்டில் இருக்கும் படத்தில் கட்டைவிரல் நகமளவு இருந்த கருகல், இங்கே முறத்தளவு இருந்தது. அந்தப் படத்துக்கு உலகத்தில் இன்னொரு பிரதி கிடையாது. ரஷ்யப் படை வந்த அந்த வருடம் வீடு எரிந்த சாம்பலைக் கையால் கிளறி அவரே எடுத்தது. அப்படியென்றால் இது அவர் வீட்டுச் சுவரிலிருந்துதான் இங்கே ஏறியிருக்கிறது.

மல்காஸுக்குக் கல்லறை இருந்தது, ஆனால் போய்ப் பார்க்க முடியாது. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ரஷ்யச் சிப்பாய்கள் வந்து, தாங்கள் பிடித்துவைத்த பகுதியின் எல்லைக் கம்பிவேலியை முந்நூறு அடி ஊருக்குள் தள்ளி நட்டார்கள். ஊரின் இடுகாடும் நோஸாட்ஸே குடும்பத்தின் ஏழு வரிசை ஆப்பிள் மரங்களும் அந்தப் பக்கம் போயின. வேலியைத் தாண்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்று முதல் ஈஸ்டருக்குக் கல்லறையில் வைக்கும் சிவப்பு முட்டையும் ஒரு கோப்பை ஒயினும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் வைக்கப்பட்டன. படம்தான் கல்லறை. கல்லறையைப் பெயர்த்து நடுரோட்டில் நட்டு அதில் கட்சியின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

மீதி இரண்டு கிலோமீட்டரை அவர் நடந்தே வந்தார். வீட்டில் நுழைந்ததும் சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"படம் எங்க?"

மனைவி லமாரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி கீறல் விட்டிருக்கு, மாத்திட்டு வரேன்னு மெராப் எடுத்துட்டுப் போனான். நாலு நாளாச்சு. எதுக்கு?"

"கூப்பிடு அவன."

"வேலைக்குப் போயிருப்பான்..."

"எந்த வேலைன்னு இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். கூப்பிடு."

மெராப், மல்காஸின் ஒரே மகன். அப்பன் செத்தபோது பதினெட்டு வயது. தாய் இத்தாலியில் பணக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலைக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. மெராப்புக்கு கோரி நகராட்சியில் வேலை. தேர்தல் வந்தால் ஊருக்கு ஆளும் கட்சியின் கை அவன்தான். அவன் உள்ளே வந்தபோது பெரியப்பா நாற்காலியில் உட்காரவில்லை, ஆணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா, நானே சொல்லலாம்னுதான்..."

"எவ்வளவுக்கு வித்த?"

"விக்கல. ஒரு காசு வாங்கல."

"அப்ப இனாமாக் குடுத்தியா? அது இன்னும் கேவலம்."

மெராப்பின் காது சிவந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "அம்மாகிட்டக் கேட்டேன். உன் அப்பா, உன் இஷ்டம்னு சொல்லுச்சு."

"அவ அங்க இருக்கா. இந்த வீட்டுக்கு மூத்தவன் நான் இங்க இருக்கேன். என்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." அவன் சன்னலைக் காட்டினான். கண்ணுக்கெட்டும் தூரத்தில் கம்பிவேலி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. "அது எவ்வளவு தூரத்துல இருக்கு பெரியப்பா? என் ரெண்டு பிள்ளைங்க அதுக்குப் பக்கத்துலதான் விளையாடுதுங்க. உக்ரைன்ல என்ன நடக்குதுன்னு தெனமும் டீவில பாக்குறேன். ஐரோப்பாக்காரன் நமக்காக வருவானா? அன்னைக்கு வந்தானா? இவங்க ஏதோ ரஷ்யாக்காரன்கிட்டப் பேசிச் சமாளிக்கிறாங்க. நம்ம ஆப்பிள் எங்க போகுது? வடக்க ரஷ்யாவுக்குத்தான போகுது. மலைக் கணவாய அவன் மூடிட்டா பன்னிக்குத்தான் போடணும். எனக்குப் பெருமை வேணாம். இன்னொரு போர் வேணாம். அவ்வளவுதான்."

அதில் பொய் இல்லை என்பது எலிஸ்பாருக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

"உன் பயத்த நான் குத்தம் சொல்லல. பயப்படு. ஓட்டும் போடு. உன் ஓட்டு, உன் பயம். அதுக்கு எதுக்குடா செத்தவன இழுத்து ரோட்டுல நிறுத்துன?"

"மத்தவங்களுக்கும் புரியணும்ல."

"போன மாசம் திபிலீசியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? சலோமே. எதிர்க்கட்சி. இந்த நாற்காலியில உக்காந்து இதே படத்தக் கேட்டுச்சு. 'ரஷ்யா கொன்ற மல்காஸ்'னு போடப் போறாங்களாம். உலகமே பாக்கும் தாத்தானு சொல்லுச்சு. உலகம் அப்பவே பாத்துச்சு, பாத்துட்டுத் தூங்கப் போயிடுச்சுன்னு சொல்லி அனுப்புனேன். அந்தப் பொண்ணாவது வாசல் வழியா வந்து கேட்டுச்சு. நீ ஆணியிலேர்ந்து திருடிட்டுப் போயிருக்க. எரியிற வீட்ல பிடுங்குனது லாபம்னு ரெண்டு பக்கமும் அலையிறானுங்க. வெளியாள் பிடுங்குனா விரட்டலாம். வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் பிடுங்கிக் குடுத்தா என்ன செய்யிறது?"

லமாரா பீன்ஸ் தட்டை நகர்த்தி வைத்தாள். "விடுங்க. அவனும் அப்பன் இல்லாமதான வளந்தான்."

"இறக்கு அத" என்றார் எலிஸ்பார்.

"என்னால முடியாது பெரியப்பா. கட்சியோட தட்டி. தொட்டா கேஸு. எனக்கு வேலையும் போயிரும்."

"அப்ப நானே ஏறி இறக்கறேன்."

"ஏறுவீங்க" என்றாள் லமாரா. "இறங்கும்போது நாலு பேர் தூக்கிட்டு வருவாங்க."

மெராப் கதவருகே தயங்கி நின்றான். அவன் சொல்ல வந்த செய்தி இன்னும் பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆளும் கட்சி வேட்பாளர் கெலா சித்லேவிக்கு வருகிறார். மெராப்பின் முற்றத்தில் விருந்து. விருந்துக்குத் தமாடாவாகப் பெரியப்பா உட்கார வேண்டும் என்று கெலாவே ஆசைப்படுகிறார்.

முப்பது வருடமாக அந்த ஊரில் கல்யாணம், சாவு, ஞானஸ்நானம் எதுவானாலும் மேசையின் தலைமாட்டில் தமாடா எலிஸ்பார்தான். எந்தக் கோப்பை யாருக்கு, எப்போது என்று அவர்தான் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குடிக்கக் கூடாது. அவரிடம் கேட்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது. மந்திரியே வந்து உட்கார்ந்தாலும் அந்த மேசையில் தமாடாவுக்குக் கீழேதான். இது மெராப்புக்குத் தெரியும். கெலாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தேர்தல் நேரத்தில் மனிதர்கள் தட்டியில் ஏற்றும் படமாகத்தான் எதையும் பார்க்கிறார்கள்.

"வரேன்னு சொல்லு" என்றார் எலிஸ்பார்.

மெராப்பின் முகம் மலர்ந்தது. லமாரா தன் புருஷனைக் கூர்ந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள், அந்தத் தணிந்த குரலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு மதியம் மெராப்பின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சூடான பாலாடைக்கட்டி ரொட்டியும் வால்நட் அரைத்துவிட்ட கோழியும் காட்டுப்பிளம் துவையலும் மேசை முழுக்க நிறைந்திருந்தன. கெலா நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயர்களை மெராப் காதோரம் சொல்லிக்கொண்டிருந்தான். கூட வந்தவன் ஒருவன் காமிராவோடு மேசையைச் சுற்றி வந்தான்.

"தமாடாவ நல்லா எடு தம்பி" என்றார் கெலா. "இந்த மாதிரி மனுஷங்கதான் நம்ம நாட்டோட முதுகெலும்பு."

"முதுகெலும்ப எடுக்கணும்னா பின்னாடி போய் எடுக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு குராம். மேசை சிரித்தது. கெலாவும் சிரித்தார்.

எலிஸ்பார் எழுந்தார். சிரிப்பு அடங்கியது.

"முதல் கோப்பை எப்பவும் சமாதானத்துக்கு" என்றார். கெலா காமிராக்காரனுக்குக் கண் காட்டினார். "எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். இன்னைக்கு அப்படி இல்ல. இன்னைக்கு முதல் கோப்பை செத்தவங்களுக்கு."

பெஞ்சுகள் நகரும் சத்தம். நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். செத்தவர் கோப்பைக்கு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கோப்பையோடு கோப்பை இடிக்கவும் மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டு ரொட்டியில் சில சொட்டு ஒயின் விட்டார்கள்.

"என் தம்பி மல்காஸ் நோஸாட்ஸேக்கு. உங்க எல்லாருக்கும் அவனத் தெரியும். ரோட்டுல போற லாரிக்காரனுக்கும் இப்பத் தெரியும்." அவர் கோப்பையை கெலாவின் பக்கம் நீட்டினார். "அலாவெர்டி, கெலா. உங்களுக்கு."

அலாவெர்டி என்று தமாடா ஒருவரை நோக்கிச் சொன்னால் அவர் அந்தக் கோப்பையின் பேச்சைத் தொடர்ந்தே ஆக வேண்டும். மாட்டேன் என்ற பேச்சு அந்த நாட்டு மேசையில் கிடையாது. கெலாவுக்கு அதில் சங்கடமும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைக் குரலில் தொடங்கினார். புத்தி கெட்ட சிலர் ஒரு போரை இழுத்துவிட்டார்கள், அந்தப் போர் இந்த மண்ணின் மகன் ஒருவனைத் தின்றது, சமாதானம் மட்டும் இருந்திருந்தால் மல்காஸ் இன்று நம்மோடு இந்த மேசையில்...

"எந்தத் தேதியில செத்தான்?" என்று கேட்டார் எலிஸ்பார்.

"ஆகஸ்ட்ல, ஐயா."

"ஆகஸ்ட்ல முப்பத்தொரு நாள் இருக்கு."

கெலா மெராப்பைப் பார்த்தார். மெராப் மேசை விரிப்பைப் பார்த்தான்.

"படத்தப் பெருசாப் போட்டாங்கல்ல, தேதி போட இடம் பத்தல போல" என்றார் குராம். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"நான் சொல்றேன்" என்றார் எலிஸ்பார். "அந்தக் காமிராவ அணைக்காத தம்பி. உங்க தலைவர் ஆசைப்பட்ட முதுகெலும்பு இதுதான்."

அவருடைய குரல் உயரவில்லை. பந்தலில் இலை அசைவது கேட்டது.

"போர் நின்னுபோச்சுன்னு ரேடியோ சொன்னது பன்னெண்டாம் தேதி. பாரிசுலேர்ந்தும் மாஸ்கோவுலேர்ந்தும் பெரிய பெரிய ஆளுங்க பேசி முடிச்சிட்டாங்க, சமாதானம் வந்துடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுச்சு. நாங்க அப்ப திபிலீசியில அகதியா ஒரு பள்ளிக்கூடத் தரையில படுத்துக்கிடந்தோம். என் தம்பி செத்தது பதினாறாம் தேதி. நாலாம் நாள். மல்காஸப் போர் கொல்லல, கெலா. உங்க சமாதானம் கொன்னுச்சு. கொள்ளையடிக்க வந்தவனுங்க வீடு வீடாப் புகுந்து, கார் சாவி கேட்டு, அவன அவன் சொந்த முற்றத்துலயே வச்சுச் சுட்டானுங்க. அப்ப வானத்துல ஒரு விமானம் கூட இல்ல. சமாதானம்."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கெலா ஏதோ சொல்ல வந்தார்.

"இருங்க. அலாவெர்டி திரும்ப என்கிட்ட வந்துடுச்சு." எலிஸ்பார் கோப்பையை இறக்கவில்லை. அடுத்ததைச் சொல்வதற்காகத்தான் அவர் மூன்று இரவு தூங்கவில்லை. "அவன் எதுக்கு வீட்டுக்குப் போனான்? இது ஊருக்குத் தெரியாது. அவன் மகனுக்குத் தெரியாது. என் பொண்டாட்டிக்குத் தெரியாது. நாய் சங்கிலியில கட்டிக் கிடக்குதுன்னு அவன் தவிச்சான். போலாமா வேணாமா அண்ணேன்னு என்கிட்டக் கேட்டான். ரேடியோவுல சொல்லிட்டாங்கல்ல, பயந்தாங்கொள்ளி மாதிரி எவ்வளவு நாள் தரையில கிடப்ப, போய் நாய அவுத்துவிட்டுட்டு வான்னு நான் சொன்னேன். பெரியவங்க கையெழுத்த நம்பி அனுப்புனவன் நான். அந்தக் குத்தம் என்னது. அதக் கழுத்துல கட்டிக்கிட்டுத்தான் பதினாறு வருஷமா இந்த மேசைத் தலைமாட்டுல நிமிந்து உக்காந்திருக்கேன். அவன் சாவ எடுத்துட்டுப் போயி உங்க கட்சி ஒரு கணக்கு சொல்லுது, எதிர்க்கட்சி ஒரு கணக்கு சொல்லுது. ரெண்டும் பொய். நிஜம் எங்க வீட்டோடது. அது அசிங்கமா இருந்தாலும் எங்களோடது."

மெராப் தலையை உயர்த்திப் பெரியப்பாவைப் பார்த்தான்.

"இந்தக் கோப்பை இன்னும் முடியல" என்றார் எலிஸ்பார். "மல்காஸ் ரோட்டுல நிக்கிறான். அவன் இந்த மேசைக்கு வர்றவரைக்கும் முடியாது. யாரும் உக்காரக் கூடாது, குடிக்கக் கூடாது."

நாற்பது பேரும் நிறைந்த கோப்பையோடு நின்றார்கள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். ரொட்டியின் சூடு அடங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றார் கெலா, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு. "உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா அடுத்த ஊர்ல ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"இருக்கட்டும். இங்கயும் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

கெலா மெராப்பின் தோளில் கைவைத்துத் தணிந்த குரலில் சொன்னார். ஆனால் நின்றவர்கள் அத்தனை பேரும் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "உங்க பெரியப்பாவ உக்கார வை. நாளைக்கு ஆபீசுக்கு வரணும்ல?"

மெராப் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கோப்பையைச் சிந்தாமல் மேசையில் வைத்தான். "பெரியப்பா, போயிட்டு வர உத்தரவு குடுங்க."

"எங்க?"

"ஏணி எடுக்க."

"போ."

ஆப்பிள் பறிக்கும் மூன்றுகால் ஏணியை டிராக்டரில் போட்டுக்கொண்டு அவன் போனான். டிராக்டர் சத்தம் பாலத்துப் பக்கம் தேய்ந்ததும் கெலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், காமிராக்காரனிடம் அதை அணைக்கச் சொன்னார். பிறகு நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் நடந்தார். கார் கதவு இரண்டு முறை அறைந்து மூடியது.

செத்தவர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் போன மனிதனை சித்லேவி அதுவரை கண்டதில்லை. ஒரு குளவி வந்து அந்தக் கோப்பையில் விழுந்தது.

"அத எடுத்துக் கொட்டவா?" என்று கேட்டாள் லமாரா.

"தொடாத. அப்படியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

முக்கால் மணி நேரம் ஆனது. கிழவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். "எலிஸ்பார் அண்ணே" என்றார் குராம், "என் ரெண்டு முட்டியும் எதிர்க்கட்சியில சேந்துடுச்சு." சிலர் மூக்கால் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. அன்று காலையில் ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போடுவதாக இருந்தவர்களும் நின்றார்கள், இல்லாதவர்களும் நின்றார்கள். எலிஸ்பார் ஒரு கையால்கூட மேசையைத் தொடவில்லை.

டிராக்டர் திரும்பியது. மெராப்பின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்திருந்தது. சுருட்டிய தட்டித் துணியைப் பந்தலுக்கு வெளியே போட்டான். வீட்டுக்குள் போய் அசல் படத்தை எடுத்துவந்து பெரியப்பாவின் தட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தான். கண்ணாடி புதிது. சொன்னபடி மாற்றித்தான் வைத்திருந்தான்.

எலிஸ்பார் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். "அலாவெர்டி, மெராப்" என்றார். "உன் அப்பனுக்கு நீ சொல்லு."

மெராப் மேசையில் வைத்த தன் கோப்பையை எடுத்தான்.

"எங்கப்பா பேரு மல்காஸ்" என்றான். "நாய அவுத்துவிட்டுட்டுத்தான் செத்தார். சங்கிலி கழண்டு கிடந்தத நான் பாத்தேன். அந்த நாய் அப்புறம் ஆறு வருஷம் எங்க வீட்ல இருந்துச்சு." பெரியப்பா பக்கம் திரும்பினான். "பெரியப்பா, நீங்க பதினாறு வருஷமா இத என்கிட்டச் சொல்லல."

"சொல்லல."

"நான் செஞ்சது தப்புதான். ஆனா அதுக்கும் நீங்க ஒருநாள் பதில் சொல்லணும்."

"சொல்றேன். இந்த மேசையில வேணாம். வீட்டுக்கு வா."

மெராப் குடித்தான். அதன் பிறகு எலிஸ்பார் குடித்தார். நாற்பது பேரும் சத்தமில்லாமல் குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். கெலாவின் கோப்பை மட்டும் குளவியோடு நின்றது.

செவ்வாய்க்கிழமை மெராப்பின் வேலை போனது. ஆட்குறைப்பு என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். தட்டியைக் கிழித்ததற்குப் போலீசும் ஒரு தாள் அனுப்பியது. இரண்டையும் எலிஸ்பார் வாங்கிப் படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்தார். ஆணியில் படம் இருந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் ஆப்பிள் பெட்டிகளோடு கோரிக்குப் போகும்போது டிராக்டர் அந்த வளைவில் நின்றது. அதே இரும்புச் சட்டத்தில் புதுத் துணி. தலைமுக்காடு போட்ட ஒரு பெண், முப்பது வயதிருக்கும், யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் அதே இடிந்த நகரம். கீழே அதே கேள்வி, பெயர் மட்டும் வேறு. தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

எலிஸ்பார் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார்.

"இது யார் வீட்டுப் பொண்ணு?"

"தெரியல பெரியப்பா. வேலிக்குப் பக்கத்துல இருக்கிற ஊராத்தான் இருக்கும்."

"விசாரி. அவங்க வீட்ல மூத்தவங்க யாருன்னு கேட்டுட்டு வா. அவங்க சம்மதிச்சுக் குடுத்திருந்தா நமக்கு வேலை இல்ல."

"குடுக்கலன்னா?"

எலிஸ்பார் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார்.

"ஏணி டிராக்டர்லயே இருக்கட்டும்" என்றார்.